படகு மோட்டாருக்கு ரிவர்ஸ் சுவிட்ச்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: வணக்கம் சார், பழவேற்காடு ஏரியில எங்க வீட்டுக்கு ஒரு சின்ன ஃபைபர் படகு இருக்கு, 14 அடி நீளம். ஏரிக்குள்ளயே வலை பாக்கவும் அக்கரைக்குப் போய் வரவும்தான், கடலுக்குப் போறதில்ல. 12 வோல்ட் டிசி மோட்டார் ஒண்ணு பின்னாடி மாட்டியிருக்கேன், உள்ள காந்தம் வச்ச மோட்டார்னு கடைக்காரர் சொன்னார், முழு வேகத்துல 30 ஆம்பியர் இழுக்குது. இப்போ ஆன் ஆஃப் மட்டும்தான். கரை ஒதுங்கும்போது ரிவர்ஸ் இல்லாம ரொம்ப சிரமமா இருக்கு. ஆறு கால் வச்ச டாகிள் சுவிட்ச் ஒண்ணு வாங்கி ஒயரைக் குறுக்கு மாத்தி போட்டா போதும்னு சொல்றாங்க. சுவிட்ச் மேல 15 ஆம்பியர் 250 வோல்ட்னு போட்டிருக்கு. 12 வோல்ட்டுக்கு அது தாராளமா தாங்கும்தானே?

பதில்: தாங்காதுங்க. அதை மோட்டார் லைன்ல போடாதீங்க. குறுக்கு மாத்துற யோசனை ரொம்ப சரி, சுவிட்சுதான் தப்பு.

யோசனை ஏன் சரின்னா, காந்த மோட்டார்ல பிளஸ் மைனஸை மாத்திக் கொடுத்தா அது எதிர்ப்பக்கம் சுத்தும், வேற எதுவும் செய்ய வேணாம். ஆறு கால் சுவிட்ச் செய்றதும் அந்த வேலையைத்தான். ஆனா அதுல எழுதியிருக்கிற 250 வோல்ட் ஏசி கணக்கு, வீட்டு கரண்டுக்கு. ஏசி கரண்ட் வினாடிக்கு நூறு தடவை தானா ஜீரோவுக்கு வந்துட்டுப் போகும், அதனால சுவிட்ச் திறக்கும்போது வர்ற பொறி அந்த ஜீரோவுல தானா அணைஞ்சிடும். டிசில ஜீரோவே கிடையாது, பொறி பிடிச்சுதுன்னா இழுத்துக்கிட்டே இருக்கும், அதுவும் மோட்டார் காயில் இருக்கிற லைன்னா அது கரண்ட்டை விட மனசில்லாம தள்ளிக்கிட்டே இருக்கும், சுவிட்சுக்குள்ள இருக்கிற பாயின்ட் கருகும், கொஞ்ச நாள்ல ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா ஆஃப் பண்ணினாலும் மோட்டார் நிக்காது, தண்ணி மேல அது எவ்வளவு ஆபத்துன்னு உங்களுக்கே தெரியும். அதுக்கு முன்னாடி சாதாரண கணக்கு ஒண்ணு இருக்கு, மோட்டார் இழுக்கிறது 30, சுவிட்ச் தாங்குறது 15, அங்கயே கதை முடிஞ்சுது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதை எல்லாரும் நிதானமா படிங்க. படகுக்கு பிரேக் கிடையாது, ரிவர்ஸ்தான் பிரேக். அதனால ரிவர்ஸ் சுவிட்சை யாரும் எப்பவும் பொறுமையா, நின்னு நிதானிச்சு போடப்போறதில்ல. எதிர்ல ஒரு வள்ளம் வரும், இல்ல தண்ணில ஒரு பிள்ளை நீந்திக்கிட்டு இருக்கும், அப்போ முழு வேக ஃபார்வர்டுலேர்ந்து ஒரே இழுப்பா ரிவர்ஸுக்குப் போடுவோம். அந்த நேரத்துல மோட்டாருக்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. உங்க மோட்டாரோட உள் ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம்னு வச்சுக்குவோம். 30 ஆம்பியர்ல ஓடும்போது அந்த ரெசிஸ்டன்ஸ்ல 3 வோல்ட் போகுது, மீதி 9 வோல்ட்டை மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி எதிர்த்து உண்டாக்கிக்கிட்டு இருக்கு, அதனாலதான் கரண்ட் 30லயே நிக்குது. மோட்டார் சுத்தாம மாட்டிக்கிட்டா அந்த 9 வோல்ட் இல்ல, 12ஐ 0.1ஆல வகுத்தா 120 ஆம்பியர். சுத்திக்கிட்டு இருக்கும்போதே திடீர்னு ரிவர்ஸ் போட்டா இன்னும் மோசம், இதுவரைக்கும் எதிர்த்து நின்ன 9 வோல்ட் இப்போ பேட்டரியோட சேர்ந்துக்கும், 12ம் 9ம் 21 வோல்ட், கரண்ட் 210 ஆம்பியர். பேட்டரியும் ஒயரும் கொஞ்சம் பிடிச்சு நிறுத்தும், நிஜத்துல இதைவிடக் கொஞ்சம் கம்மியா வரும், ஆனாலும் 15 ஆம்பியர் டாகிள் சுவிட்சுக்கு அது எமன். அதனால நான் சுவிட்ச் தேர்ந்தெடுக்கச் சொல்றது நிதானமா ஓட்டுற கைக்கு இல்ல, பதறுற கைக்கு.

என்ன வாங்கலாம்? எலக்ட்ரிக்கல் மொத்தக் கடைல ஃபார்வர்டு ரிவர்ஸ் ரோட்டரி சுவிட்ச்னு கேளுங்க, கேம் சுவிட்ச்னும் சொல்வாங்க, லேத் பட்டறைல மோட்டாரைத் திருப்ப வச்சிருப்பாங்களே அந்த வகை. சால்சர், கேசீ மாதிரி கம்பெனிக எல்லாம் ரோட்டரி சுவிட்ச் பண்றாங்க. ஆனா கடைல இருக்கிறது பெரும்பாலும் மூணு ஃபேஸ் ஏசி மோட்டாருக்கானது, அதனால டிசி ஆம்பியர் எவ்வளவுன்னு கம்பெனி தாள்ல பாத்துட்டுத்தான் வாங்கணும், ஏசிக்குப் போட்ட நம்பரை நம்பக்கூடாது. டிசி அளவு பத்தலைன்னா ஒரே சுவிட்சுக்குள்ள ரெண்டு மூணு பாயின்டை வரிசையா சேத்துக்கலாம், பொறி பல இடத்துல உடையும், தாங்கும். எது வாங்கினாலும் நடுவுல ஆஃப் கட்டாயம் இருக்கணும், ஃபார்வர்டுலேர்ந்து ரிவர்ஸுக்கு நேரா தாவுற சுவிட்ச் வேணவே வேணாம். ஆஃப்ல கை ஒரு நொடி தங்கினாக்கூட, தண்ணி இழுக்கிற இழுப்புல புரொப்பெல்லர் வேகம் நல்லா குறைஞ்சிடும், அந்த 210ம் 120ஐ நோக்கி இறங்கிடும்.

ஒயரிங் சொல்றேன், தாளும் பேனாவும் எடுத்துக்கங்க. ஆறு கால், இடது பக்கம் மேலேர்ந்து கீழ 1, 2, 3, வலது பக்கம் 4, 5, 6னு எழுதிக்கங்க. நடுக்கால் 2ம் 5ம். பேட்டரி பிளஸ் 2க்கு, மைனஸ் 5க்கு. மோட்டாரோட ஒரு ஒயர் 1க்கு, இன்னொண்ணு 4க்கு. அப்புறம் குறுக்குத் துண்டு ரெண்டு, 1லேர்ந்து 6க்கு, 4லேர்ந்து 3க்கு. அவ்வளவுதான். ஒரு பக்கம் போட்டா 2ம் 1ம் சேரும், 5ம் 4ம் சேரும், மறுபக்கம் போட்டா 2ம் 3ம், 5ம் 6ம், மோட்டாருக்கு பிளஸ் மைனஸ் மாறிடும். சில பேர் மோட்டாரை நடுவுல கொடுத்து பேட்டரியை ஓரத்துல கொடுப்பாங்க, அதுவும் வேலை செய்யும், ஆனா எனக்கு அது பிடிக்காது. அப்படிக் கொடுத்தா ஒரே பக்கத்து மேல்கால்ல பிளஸ்ஸும் கீழ்கால்ல மைனஸும் எப்பவும் நிக்கும், பொறி அந்த ரெண்டையும் தொட்டா பேட்டரியே நேரா ஷார்ட். பேட்டரியை நடுவுல கொடுத்தா ஆஃப்ல ஓரக்கால் எதுலயும் கரண்ட் இருக்காது. கேம் சுவிட்சுல கால் நம்பர் வேற மாதிரி இருக்கும், டாகிள்லயும் குச்சியை மேல தள்ளினா பல சமயம் கீழ்கால்தான் சேரும், அதனால பேட்டரி கொடுக்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல பீப் வச்சு எது எதோட சேருதுன்னு ஒவ்வொரு நிலையிலயும் பாத்து எழுதிக்கங்க.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது பிளஸ் ஒயர்ல வரிசையா ஒரு 12 வோல்ட் கார் ஹெட்லைட் பல்பை மாட்டிக் கொடுங்க. தப்பா இணைச்சு ஷார்ட் இருந்தா பல்ப் பளீர்னு எரியும், வேற எதுவும் ஆகாது, ஒயர் உருகாது. சரியா இருந்தா பல்ப் மங்கலா எரிய மோட்டார் மெதுவா சுத்தும், எந்தப் பக்கம் சுத்துதுன்னும் பாத்துக்கலாம், மறுபக்கம் போட்டா மாறுதான்னும் பாத்துக்கலாம். நடு நிலையில பல்ப் முழுசா அணையணும். அதுக்கப்புறம் பல்பை எடுத்துடுங்க. படகைத் தண்ணில இறக்குறதுக்கு முன்னாடி கரையிலயே செய்ற வேலை இது.

ஃபியூஸ் எங்கன்னு நீங்க கேக்கவே இல்ல, அதான் எனக்குக் கவலையா இருக்கு. லெட் ஆசிட் பேட்டரி ஷார்ட் ஆனா ஆயிரக்கணக்குல ஆம்பியர் தரும், அந்த ஒயர் சிவந்து ஃபைபரே பத்திக்கும், ஏரி நடுவுல எங்க இறங்கி ஓடுறது? பேட்டரி பிளஸ்லேர்ந்து ஏழு இன்ச்சுக்குள்ள ஃபியூஸ் வைக்கணும்னு அமெரிக்கப் படகுத் தரமான ஏபிஒய்சி சொல்லுது, நாமளும் அதையே வச்சுக்குவோம். உங்க மோட்டாருக்கு 50 ஆம்பியர் ஃபியூஸ், உடனே உருகாம மெதுவா போற வகை, ஸ்லோ ப்ளோன்னு சொல்வாங்க. ரிவர்ஸ் போடுற நொடியைத் தாங்கும், புரொப்பெல்லர்ல வலை சுத்தி மோட்டார் மாட்டிக்கிட்டா போயிடும், அப்படித்தான் போகணும். அதோட கை எட்டுற இடத்துல பேட்டரியையே துண்டிக்கிற ஐசோலேட்டர் ஒண்ணு, சுவிட்ச் ஒட்டிக்கிட்டா அதுதான் கடைசி வழி.

ஒயர் கனத்தையும் பாத்துடுவோம். பேட்டரிலேர்ந்து மோட்டாருக்கு 5 மீட்டர்னா போக வர 10 மீட்டர். 2.5 ஸ்கொயர் எம்எம் வீட்டு ஒயர் போட்டீங்கன்னா 30 ஆம்பியர்ல 2.1 வோல்ட் ஒயர்லயே போயிடும், 63 வாட் சும்மா சூடா வீணாப்போகுது. 10 ஸ்கொயர் எம்எம் போட்டா அரை வோல்ட்டுதான் போகும். பேட்டரியைப் பின்பக்கம் நகத்திட்டா இன்னும் நல்லது, ஆனா எடை ஒரு பக்கம் சாயாம பாத்துக்கங்க.

கடைசியா ஒண்ணு. ரிவர்ஸ்ல புரொப்பெல்லர் படகைப் பின்னாடி இழுக்கும்போது அது மாட்டியிருக்கிற தண்டையும், அதாவது ஷாஃப்ட்டையும், வெளிய இழுக்கும். இதுவரைக்கும் உள்ள தள்ளிக்கிட்டு இருந்த விசை இப்போ வெளிய இழுக்குது. மோட்டாரையும் ஷாஃப்ட்டையும் சேக்கிற கப்ளிங்ல ஒரே ஒரு திருகாணி மட்டும் பிடிச்சிருந்தா ஷாஃப்ட் உருவிக்கிட்டு ஏரிக்குள்ள போயிடும், அந்த ஓட்டை வழியா தண்ணி உள்ள வரும். சுவிட்ச் மாட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க, ரெண்டு பக்கமும் தள்ளுறதைத் தாங்குற த்ரஸ்ட் பேரிங் இருக்கணும், புரொப்பெல்லர் நட்டுக்கு பின் போட்டிருக்கணும்.

கேள்வி: என் படகு மோட்டாருக்கு பிடபிள்யூஎம் ஸ்பீடு கன்ட்ரோலர் (கரண்ட்டை வேகமா ஆன் ஆஃப் பண்ணி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது) வச்சிருக்கேன். நீங்க சொல்ற ரிவர்ஸ் சுவிட்ச் கன்ட்ரோலருக்கு முன்னாடி வரணுமா பின்னாடி வரணுமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: பின்னாடி, அதாவது கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் நடுவுல. முன்னாடி வச்சு ரிவர்ஸ் போட்டா கன்ட்ரோலருக்கே பிளஸ் மைனஸ் மாறிப் போகும், உள்ள இருக்கிற கெப்பாசிட்டரும், கரண்ட்டை ஆன் ஆஃப் பண்ற மாஸ்ஃபெட்டும் அந்த நொடியிலயே போச்சு, கெப்பாசிட்டர் வெடிக்கக்கூட செய்யும். பின்னாடி வச்சாலும் வேகத்தை ஜீரோவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சுவிட்சை மாத்தணும். அதை ஆளோட ஞாபகத்துக்கு விட்டுடாதீங்க. ரிவர்ஸ் சுவிட்ச் நடு நிலைக்கு வந்தா கன்ட்ரோலரோட த்ராட்டில் சிக்னலும் அறுபடுற மாதிரி ஒரு துணைப் பாயின்ட் சேத்துடுங்க, கேம் சுவிட்சுல அதுக்கு இடம் இருக்கும். இன்னொரு எச்சரிக்கை, பொறியைக் குறைக்கிறேன்னு சொல்லி மோட்டார் கால் ரெண்டுக்கும் குறுக்க ஒரு டயோடை (ஒரு பக்கம் மட்டும் கரண்ட் விடுற பொருள்) போட்டுடாதீங்க. ஃபார்வர்டுல அது சும்மா இருக்கும், ரிவர்ஸ் போட்டா நேரா ஷார்ட். அங்க வைக்கணும்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துக்கிற வாரிஸ்டர்தான். ரிவர்ஸும் சேத்து செய்ற கன்ட்ரோலரே சந்தைல கிடைக்குது, கொஞ்சம் விலை கூட, ஆனா அது வேகத்தை இறக்கி நிறுத்தித் திருப்பி ஏத்துற வேலையைத் தானே பாத்துக்கும். காசு இருந்தா அதை வாங்கறதுதான் என் சிபாரிசு, பதறுற கைக்கு அதைவிட நல்ல துணை இல்ல.

கேள்வி: பழைய கார் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒண்ணு கிடைச்சுது, பரிசலுக்கு மாட்டலாம்னு. பிளஸ் மைனஸ் மாத்திப் போட்டுப் பாத்தேன், ரெண்டு தடவையும் ஒரே பக்கம்தான் சுத்துது. மோட்டார் கெட்டுப்போச்சா? (ஒகேனக்கல் பக்கத்துலேர்ந்து ஒரு வாசகர்)

பதில்: கெடலைங்க, அது சீரிஸ் மோட்டார். அதுல காந்தத்துக்குப் பதிலா ஃபீல்டு காயில் இருக்கு, நடுவுல சுத்துற ஆர்மேச்சரோட வரிசையா சேத்திருப்பாங்க. நீங்க பிளஸ் மைனஸ் மாத்தினா ஆர்மேச்சர்லயும் கரண்ட் திரும்புது, ஃபீல்டுலயும் திரும்புது, ரெண்டும் சேந்து திரும்பினா சுத்துற பக்கம் மாறாது. திருப்பணும்னா மோட்டாரைப் பிரிச்சு ஃபீல்டு ஒயரைத் தனியா வெளிய எடுத்து அதை மட்டும் மாத்தணும். ஆனா அந்த வேலையே வேணாம்னு சொல்றேன். ஸ்டார்ட்டர் மோட்டார் சில வினாடி ஓடி நிக்கிறதுக்குச் செஞ்சது, தொடர்ந்து ஓட்டினா காயில் வெந்துடும். அதோட சீரிஸ் மோட்டார் லோடு இல்லாம போனா வேகம் கட்டுக்கு அடங்காம ஏறும், பரிசல் ஆடி புரொப்பெல்லர் தண்ணிக்கு மேல வந்துச்சுன்னா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. ஒகேனக்கல் தண்ணில பரிசலுக்குத் துடுப்புதான் நம்பகமானது, அங்க மோட்டாரே வேணாம்.

கேள்வி: இ-ஆட்டோ மோட்டார் படகுக்கு ஆகுமா? அதுல தடியா மூணு ஒயர் வருது, எந்த ரெண்டை சுவிட்ச் போட்டு மாத்தணும்?

பதில்: எதையும் மாத்த வேணாம். அது பிஎல்டிசி, அதாவது கன்ட்ரோலர் வச்சே ஓடுற பிரஷ் இல்லாத மோட்டார், அந்த மூணு ஒயரும் கன்ட்ரோலர்லேர்ந்து வருது, அதுக்கு நடுவுல சுவிட்சே வரக்கூடாது. கன்ட்ரோலர்ல ரிவர்ஸுக்குன்னு ஒல்லியா ஒயர் விட்டிருப்பாங்க, ஆட்டோ ஹேண்டில்ல இருக்கிற ரிவர்ஸ் சுவிட்ச் அதோடதான் சேந்திருக்கும். அந்தச் சின்ன சுவிட்சையே தண்ணி படாத பெட்டில வச்சுப் பயன்படுத்துங்க, அதுல ஓடுறது வெறும் சிக்னல்தான். ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, ஆட்டோ ரிவர்ஸ்ல வேகமா போகக்கூடாதுன்னு சில கன்ட்ரோலர்ல ரிவர்ஸ் வேகத்தைக் குறைச்சு வச்சிருப்பாங்க. படகுக்கு ரிவர்ஸ்தான் பிரேக்குங்கிறதால அது பத்தாம போகலாம், வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க. 48 வோல்ட்னா டிசி பொறி 12 வோல்ட்டைவிட ரொம்ப பிடிவாதமா நிக்கும், ஃபியூஸ் ஐசோலேட்டர் ரெண்டும் அந்த வோல்ட்டுக்கு டிசின்னு எழுதியிருக்கிறதா இருக்கணும்.

கேள்வி: எலக்ட்ரிக் படகெல்லாம் இப்போ வந்த ஃபேஷன், நிலைக்காதுன்னு எங்க ஊர்ல சொல்றாங்க. உண்மையா?

பதில்: 1838ல ரஷ்யாவுல யாக்கோபின்னு ஒருத்தர் நேவா ஆத்துல மின்மோட்டார் படகு ஓட்டினார். 1881ல பாரிஸ்ல குஸ்தாவ் த்ரூவே சேன் நதியில ஓட்டினார். பெட்ரோல் இன்ஜின் படகுக்கு வர்றதுக்கு முந்தின கதை இதெல்லாம். நம்ம பக்கத்துலயே கேரளாவுல வைக்கம் தவணக்கடவு இடையில 2017லேர்ந்து ஆதித்யாங்கிற 75 பேர் போற சோலார் படகு ஓடுது, ஒரு தடவை நேர்ல போய் ஏறிப் பாருங்க, துறையில ஒதுங்கும்போது ரிவர்ஸ் எப்படிப் போடுறாங்கன்னு கவனிங்க.

கேள்வி: நங்கூரம் இழுக்க 12 வோல்ட் வின்ச் மாட்டணும். மேல கீழ ரெண்டு பட்டன் போதும். ரிலே வச்சு செய்ய முடியுமா? உப்புத்தண்ணில எவ்வளவு நாள் வரும்? (தூத்துக்குடி வாசகி)

பதில்: முடியும்மா, நல்லாவே செய்யலாம். முதல்ல வின்ச் மோட்டார்ல எத்தனை கால் இருக்குன்னு பாருங்க. மூணு கால் இருந்தா உள்ள ரெண்டு ஃபீல்டு காயில் இருக்கலாம், மேலுக்கு ஒண்ணு கீழுக்கு ஒண்ணு, பிளஸை எதுக்குக் கொடுக்கிறோமோ அந்தப் பக்கம் சுத்தும், குறுக்கு மாத்துற வேலையே இல்ல. ரெண்டே கால்னா பெரும்பாலும் காந்த மோட்டார், அதுக்கு சேஞ்ச்ஓவர் ரிலே ரெண்டு வேணும், ரிலேன்னா சின்ன கரண்ட்ல காயில் இழுத்து பெரிய கரண்ட்டை மாத்திவிடுற சுவிட்ச். ஒவ்வொரு ரிலேயோட பொதுக்காலையும் மோட்டாரோட ஒவ்வொரு ஒயருக்குக் கொடுங்க, சும்மா இருக்கும்போது சேந்திருக்கிற காலை மைனஸுக்கு, ரிலே இழுத்தா சேர்ற காலை ஃபியூஸ் வழியா வர்ற பிளஸுக்கு. பட்டன் எதையும் அமுக்கலைன்னா மோட்டாரோட ரெண்டு ஒயரும் மைனஸ்ல ஒண்ணு சேந்திருக்கும், அதுவே மோட்டாரை பிரேக் பிடிச்சு நிறுத்தும். பதட்டத்துல ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கினாலும் ரெண்டு ஒயரும் பிளஸ்ல போய் நிக்கும், ஷார்ட் ஆகாது. இந்த அமைப்புல எனக்குப் பிடிச்சதே அதுதான்.

கார் ரிலேல சும்மா சேந்திருக்கிற காலுக்கு ஆம்பியர் கொஞ்சம் குறைவா போட்டிருப்பாங்க, இங்க அது வழியாவும் முழுக் கரண்ட் போகுதுங்கிறதால அந்தக் குறைஞ்ச நம்பரைத்தான் கணக்குல எடுக்கணும். சின்ன வின்ச்சுக்கு மட்டும்தான் கார் ரிலே, பெரிய வின்ச் நூறு ஆம்பியருக்கு மேல கூட இழுக்கும், அதுக்கு ஃபோர்க் லிஃப்ட்ல வர்ற மாதிரி டிசி காண்டாக்டர் ஜோடி, அதாவது பெரிய கரண்ட்டைத் தாங்குற பெரிய ரிலே ஜோடி வேணும். ரிலே காயிலுக்குக் குறுக்க 1என்4007 டயோடு போடுங்க, கோடு போட்ட பக்கம் பிளஸுக்கு, காயில் பிளஸ் மைனஸ் மாறாதுங்கிறதால இங்க டயோடு சரி. பட்டன் கையை எடுத்தா தானா திரும்பி வர்றதா இருக்கணும், அமுக்கினா அப்படியே நிக்கிற வகை வின்ச்சுக்கு ஆகாது, கயிறு முடிஞ்ச பிறகும் இழுத்துக்கிட்டே இருக்கும், விரல் மாட்டினா போச்சு.

உப்புக்கு வைத்தியம் சொல்றேன். ஒயர் வாங்கும்போது வெள்ளீயம் (டின்) பூசின செம்புக் கம்பியா பாத்து வாங்குங்க, சாதா செம்பு உறைக்குள்ளயே பச்சை பூத்து உள்ள ஏறிக்கிட்டே போகும், வெளிய பாத்தா தெரியாது. ஒயர் நுனியில லக் (நட்டுல மாட்டுற உலோக முனை) போடும்போது சுத்தியால தட்டி நசுக்காம சரியான கிரிம்ப் பிளையர்ல அமுக்குங்க, மேல பசை வச்ச ஹீட் ஷ்ரிங்க் போடுங்க, சூடு பண்ணினா ஓரத்துல பசை பிதுங்கி வரணும், வந்தாத்தான் தண்ணி உள்ள போகாது. ஈயப்பத்து மட்டும் வச்சு விட்டுடாதீங்க, படகு ஆடுற ஆட்டத்துல பத்து முடியுற இடத்துல கம்பி ஒடியும். ரிலே பெட்டியும் பேட்டரி பெட்டியும் ஒண்ணா இருக்கவே கூடாது, தண்ணி ஊத்துற பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், அந்தப் பெட்டிக்குள்ளயே ரிலே பொறி விட்டா வெடிக்கும். படகுல பெட்ரோல் இன்ஜினும் இருந்துச்சுன்னா இன்னும் கவனம், பெட்ரோல் டேங்க் இருக்கிற அறைல சாதா ரிலே, சாதா சுவிட்ச் எதையும் வைக்காதீங்க. அலுமினிய போட்னா மோட்டார் பாடியையும் மைனஸையும் பாடித் தகட்டுல சேத்துடாதீங்க, கசியற கரண்ட் தகட்டையே அரிச்சுடும்.

இவ்வளவும் செஞ்சா எத்தனை வருஷம் வரும்னு நம்பர் சொல்ல மாட்டேன், அது நீங்க கழுவி வைக்கிறதைப் பொறுத்தது. நல்லதண்ணில கழுவி, மாசம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து லக் நட்டு லூஸா இருக்கான்னு ஸ்பேனர் போட்டுப் பாருங்க, வின்ச் ஓட்டி முடிச்ச உடனே ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தொட்டுப் பாருங்க, எது மத்ததைவிட சூடா இருக்கோ அதை அன்னிக்கே வெட்டிப் புது லக் போட்டுடுங்க.